மறுக்கும் உலை

எரிகின்ற உலையைவிட அணைந்து கிடக்கும் உலையே அஞ்சத்தக்கது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது முரணாகத் தோன்றலாம். உலையோடு நாள்தோறும் வாழ்கிறவர்கள் அறிந்த உண்மை இதுவே. உலையின் உட்புறம் 760 பாகை செல்சியசுக்கு மேல் கனன்றுகொண்டிருந்தால், உள்ளே வரும் எரிவாயு அந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் என்று பாதுகாப்பு விதிகள் கருதுகின்றன. குளிர்ந்த உலைக்கு அந்த உறுதி இல்லை. வாயு வந்துவிட்டது, நெருப்பு இன்னும் வரவில்லை என்கின்ற அந்தச் சில நொடிகளில்தான் விபத்து கருக்கொள்கிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான நிலப்பரப்பு ஒரு காலத்தில் ஏரி நீரை நம்பி நெல் விளைந்த பூமி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடமும் கார் நகரமாயிற்று. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு ஆலைகள் நிறைந்தன. பற்சக்கரங்களைச் சுமார் 900 பாகையில் சூடாக்கி உறுதிப்படுத்தவும், அலுமினியத்தை உருக்கவும், வண்ணப்பூச்சை உலர்த்தவும் அவற்றுள் பலவற்றுக்கு எரிவாயு உலைகள் தேவை. இப்பகுதியில் பங்குப் பணியாற்றும் எனக்கு வீடு சந்திப்பும் ஷிப்டு அட்டவணையைப் பார்த்தே அமைகிறது. பகலில் கதவைத் தட்டும்போது, இரவுப் பணி முடித்து உறங்குகிறவர் விழித்துவிடக் கூடாதே என்ற தயக்கம் எப்போதும் உண்டு.

தென் மாவட்டத்திலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருக்கும் இளைஞர் ஒருவர், ஓர் ஆலையில் ஒப்பந்த முறையில் பராமரிப்புப் பணி செய்கிறார். அவர் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, “ஃபாதர், ஒரு விளக்கக் கடிதம் எழுதணும். வார்த்தை சரியா வரல” என்றார். “என்ன நடந்தது என்று எனக்கு முதலில் விளங்கட்டும், தம்பி” என்றேன். பழைய அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் அவர் உலையை வரைந்து காட்டினார்.

உலையை ஏற்றுவது தீக்குச்சி உரசுவது போன்ற எளிய செயல் அன்று. முதலில் காற்றூதி இயங்கி, உலையின் கொள்ளளவைப்போல் குறைந்தது 4 மடங்கு புதுக்காற்றைச் செலுத்தி, தேங்கிய வாயுவை வெளியேற்ற வேண்டும். காற்று மெய்யாகவே ஓடுகிறது என்பதை அழுத்த விசை ஒன்று உறுதிசெய்ய வேண்டும். அதன் பின்னரே 5,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் மின்முனையில் பொறியை எழுப்பும். வாயு வால்வு திறக்கும். சில நொடிகளுக்குள் சுடருக்குச் சான்று கிடைக்காவிட்டால், கட்டுப்பாட்டுப் பெட்டி வால்வை மூடித் தன்னைப் பூட்டிக்கொள்ளும். மனிதர் வந்து ரீசெட் பொத்தானை அழுத்தும்வரை அசையாது.

சான்று தருவது சுடருக்குள் நீட்டியிருக்கும் ஓர் உலோகக் கம்பி. நெருப்பும் மின்சாரத்தைக் கடத்தும்; ஆனால் ஆம்பியரில் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டுமே. அந்த நுண்ணிய ஓட்டத்தைக் கொண்டே பெட்டி சுடரை அறிகிறது. உலையை ஏற்றும் முன்னரே “சுடர் உண்டு” என்று கம்பி சொன்னால், பெட்டி அதை நம்பாமல் தொடங்கவே மறுத்துவிடும். பொய்ச் சாட்சி அங்கே செல்லாது.

ஆகவே பழுது பார்ப்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, உலை எந்தப் படியில் நின்றது என்பதே. காற்றோட்டம் முடியுமுன் நின்றால், காற்றூதியையும் அழுத்த விசையையும் தூசி அடைத்த அதன் சிறு குழாயையும் பார்க்க வேண்டும். நல்ல பொறி எழுந்தும் நெருப்பு வராவிட்டால், வாயுவின் அழுத்தம், வடிகட்டி, காற்றின் அளவு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். நெருப்பு தோன்றி உடனே அணைந்தால், உணர்கம்பியையும் புவி இணைப்பையும் ஐயுற வேண்டும். பலவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர் எது பழுது என்று ஒருபோதும் அறியமாட்டார்.

அந்த இரவு, பொங்கல் விடுமுறை முடிந்து உலையை ஏற்றும் இரவு. மூன்று முறை முயன்றும் சுடர் வரவில்லை. பொறியின் சடசடப்பு மட்டும் கேட்டது. மேற்பார்வையாளர், “பொறிதான் வருதே! டைமரைக் குறைச்சுட்டு ரீசெட்டை அழுத்து தம்பி. காலையில லாரி வந்து நிக்கும்” என்றார். டைமரைக் குறைப்பது என்றால் காற்றோட்ட நேரத்தைச் சுருக்குவது. ஒவ்வொரு முயற்சியிலும் உள்ளே புகுந்த வாயு வெளியேறுமுன் அடுத்த பொறியை எழுப்புவது. உலைக்கு வரும் திரவ எரிவாயு காற்றைவிடக் கனமானது, தாழ்விடத்தில் தங்கும், காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே பற்றும். சமையலறையில் லைட்டர் எரியாதபோது அடுப்பின் திருகை மூடிச் சன்னலைத் திறக்கும் தாய்மார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இளைஞர் மறுத்தார். வாயுவைக் கையால் மூடினார், காற்றை ஓடவிட்டார், காத்திருந்து மின்முனையைக் கழற்றினார். அதைச் சூழ்ந்த பீங்கானில் மயிரிழை விரிசல். அதில் தைப்பனியின் ஈரம். பொறி முனைக்குச் செல்லாமல் விரிசல் வழியே உலோக உடலுக்குத் தாவியிருந்தது. சத்தம் இருந்தது, உரிய இடத்தில் பொறி இல்லை. புது மின்முனை பொருத்தியதும் முதல் முயற்சியிலேயே உலை எரிந்தது. இரண்டு மணி நேரம் தாமதம். அதற்குத்தான் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

1984ஆம் ஆண்டின் போபால் துயரத்திற்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. உடனடி ஆபத்து கண்ட தொழிலாளி அதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரும் உரிமை அப்போது எழுத்தில் ஏறியது. ஆயினும் மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, எழுத்திலுள்ள உரிமை நள்ளிரவில் எவ்வளவு துணை நிற்கும்? தாமதத்தை நிமிடக் கணக்கில் பதிகிறோம். நிகழாத விபத்துக்குப் பதிவேடு இல்லை. மறுப்பதற்கென்றே ஒரு பெட்டியை விலை கொடுத்து வாங்கி உலையில் பொருத்தும் நாம், அதே மறுப்பை ஒரு மனிதர் சொன்னால் அவரிடம் விளக்கம் கேட்கிறோம்.

கடிதம் எட்டு வரிகளில் முடிந்தது. “கடைசியில, தாமதத்துக்கு வருந்துகிறேன்னு போடட்டுமா, ஃபாதர்?” என்று கேட்டார். “வேண்டாம் தம்பி, அந்த உடைந்த பீங்கானைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்” என்றேன்.