டில்லி இரும்புத் தூண்

டில்லிக்குப் போகும் தமிழர்களில் குதுப் மினாரைப் பாராமல் திரும்புகிறவர்கள் மிகச் சிலரே. 238 அடி உயரமுள்ள அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், கழுத்து வலித்ததும் பக்கத்திலுள்ள பழைய மசூதியின் முற்றத்துக்கு வருவார்கள், அங்கே நிற்கும் இரும்புத் தூணை இரண்டு நிமிஷம் பார்த்து, "ஆயிரத்தறுநூறு வருஷமாகத் துருவே பிடிக்கவில்லையாம்!" என்று வியந்துவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். நாங்களும் அந்த உத்தேசத்துடன்தான் போனோம். ஆனால் அந்தத் தூணின் முன்னால் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கழிந்துவிட்டது. அதற்குக் காரணம், என் எட்டு வயதுப் பெண் கேட்ட ஒரு கேள்வி.

மார்கழி மாதத்துக் காலைப் பனி விலகுவதற்கு முன்பே மெட்ரோ ரயிலில் புறப்பட்டு, குதுப் மினார் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். நான், என் மனைவி, குழந்தை, என் மாமனார் ஆக நான்கு பேர். மாமனாருக்கு இந்த இடம் புதிதன்று. இளம் வயதில் உத்தியோக நிமித்தமாக டில்லியில் சில காலம் இருந்தவர். வழி நெடுகிலும் அவர் பேச்செல்லாம் இரும்புத் தூணைப் பற்றித்தான்.

"மாப்பிள்ளை, மினாரைக் காட்டிலும் அந்தத் தூண்தான் பெரிது. வெள்ளைக்காரனுடைய சாஸ்திரமெல்லாம் அதற்கு முன்னால் கைகட்டி நிற்க வேண்டும்!" என்றார்.

மினாரைக் கட்டத் தொடங்கியவர் குத்புதீன் ஐபக்; தொடர்ந்து எழுப்பியவர் அவருக்குப் பின் வந்த இல்துத்மிஷ். அருகிலுள்ள மசூதி இருபத்தேழு ஆலயங்களின் கற்களைக் கொண்டு கட்டப்பட்டது என்பதை அதன் வாயிலிலுள்ள கல்வெட்டே கூறுகிறது. சுற்றிலுமுள்ள கல்தூண்களில் இன்றும் மணிகளும் சங்கிலிகளும் பூவேலைகளும் அழியாமல் இருக்கின்றன. அந்தத் தூண் வரிசைகளுக்கு நடுவே, திறந்த முற்றத்தில், கரும் பழுப்பு நிறத்தில் நிற்கிறது இரும்பு ஸ்தம்பம். மொத்த நீளம் 23 அடி 8 அங்குலம். அதில் மூன்றடிக்கு மேல் பூமிக்குள் இருக்கிறது. நிறை ஆறு டன்னுக்கு அதிகம். உச்சியில் கவிழ்ந்த தாமரை போன்ற அழகான போதிகை.

மாமனார் நேரே அதனிடம் போனார்; போனவர் திகைத்து நின்றார். தூணைச் சுற்றி வேலி! அவர் காலத்தில் தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, இரு கைகளையும் பின்புறமாக வளைத்து, விரலோடு விரல் தொட்டுவிட்டால் நினைத்த காரியம் கைகூடும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. ஆயிரக்கணக்கானோர் தினந்தோறும் அவ்வாறு கட்டிப் பிடித்ததனால் அந்த இடம் தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டது. அதனால் 1997-ல் வேலி போட்டுவிட்டார்கள்.

"எனக்கு அன்று விரல் எட்டியது. அடுத்த வருஷமே கல்யாணம் ஆயிற்று" என்றார் மாமனார். அது நன்மையா தீமையா என்று சொல்லாமலே நிறுத்திக்கொண்டார்.

தூணின் மேல் ஆறு வரிகளில் ஒரு சாஸனம் பொறித்திருக்கிறது. ஸம்ஸ்கிருத மொழி, குப்தர் காலத்துப் பிராமி எழுத்து. 1838-ல் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்ற ஆங்கிலேயர் இதைப் படித்து அர்த்தம் வெளியிட்டார். சந்திரன் என்ற அரசன் வங்கரை வென்றான். சிந்து நதியின் ஏழு முகங்களையும் கடந்து பகைவரை ஜயித்தான். விஷ்ணுபதம் என்ற குன்றின்மேல் திருமாலுக்குக் கொடிமரமாக இத்தூணை நாட்டினான் என்பது அதன் ஸாரம். அந்தச் சந்திரன், ஏறத்தாழ 375 முதல் 415 வரை ஆண்ட இரண்டாம் சந்திரகுப்தனே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. டில்லி முற்றத்தில் குன்று ஏதும் இல்லையாகையால், தூண் முதலில் வேறிடத்தில் நின்றிருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் விதிஷைக்கு அருகிலுள்ள உதயகிரியே அவ்விடம் என்று சிலர் தக்க காரணங்களுடன் கூறுகிறார்கள்.

இவ்வளவும் நான் குழந்தைக்குச் சொல்லி முடித்தேன். அவள் தூணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா, ராஜா பேர் இருக்கிறது. இதை அடித்துச் செய்தவர் பேர் எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

நான் விழித்தேன். அரசன் சந்திரன் பெயர் இருக்கிறது. அறுநூறு வருஷத்துக்குப் பின் டில்லியை ஆண்ட அனங்கபாலன் பெயர் இருக்கிறது. பிற்காலத்தில் வந்தவர்களின் பெயர்களும் சிறிதும் பெரிதுமாகக் கீறப்பட்டிருக்கின்றன. கொல்லன் பெயர் மட்டும் இல்லை.

அவன் செய்த காரியம் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரும்பை நீராக உருக்கி அச்சில் வார்த்த தூண் அல்ல இது. அக்காலத்து உலையில் மரக்கரியையும் இரும்புக் கல்லையும் இட்டுத் துருத்தியால் ஊதினால், இரும்பு உருகி ஓடாது. கிட்டத்துடன் கலந்து, கடற்பஞ்சு போன்ற கட்டியாக அடியில் தங்கும். அந்தச் செங்கட்டியைச் சம்மட்டியால் அடித்துக் கிட்டத்தைப் பிதுக்கி வெளியேற்ற வேண்டும். அப்படிக் கிடைப்பதே தேனிரும்பு. ஒரு கட்டி 20 முதல் 30 கிலோ வரை இருந்திருக்கும் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகிறார்கள். ஆறு டன்னுக்கு எத்தனை கட்டிகள் வேண்டும்! இருநூறுக்கு மேல் வேண்டும். ஒவ்வொன்றையும் பழுக்கக் காய்ச்சி, முன்னே வைத்ததோடு சேர்த்து அடித்து, ஒட்டவைத்து, படுக்கை வாட்டில் கிடந்த தூணை அங்குலம் அங்குலமாக வளர்த்தார்கள். சூடு சிறிது குறைந்தால் ஒட்டாது. ஒட்டாத இடம் பின்னால் பிளக்கும். எத்தனை துருத்திகள், எத்தனை சம்மட்டிகள், எத்தனை கைகள் ஒரே தாளத்தில் வேலை செய்திருக்க வேண்டும்!

"அது சரி, மாப்பிள்ளை. துரு ஏன் பிடிக்கவில்லை? அதைச் சொல்லுங்கள்" என்றார் மாமனார்.

உண்மையைச் சொன்னால் அவர் மனம் வருந்துமோ என்று தயங்கினேன். ஆயினும் சொன்னேன். துருவே பிடிக்காத தூண் அல்ல இது. 1961-ல் இதன் அடிப்பாகத்தைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதியில் துரு கனமாகப் படிந்திருந்தது. அதற்கு மேல் அரிக்காதிருக்க ஈயத் தகடு சுற்றி வைத்தார்கள். மண்ணுக்கு மேலே வெயிலிலும் மழையிலும் நிற்கும் பகுதிதான் அழியாமல் இருக்கிறது. அதுவும் துருவை அறியாததன்று. ஆதியில் அதன்மேலும் துரு படரத்தான் செய்தது. ஆனால் அந்தத் துருவே அதற்குக் கவசமாகிவிட்டது.

இந்த இரகசியத்தை விடுவித்தவர்களில் முக்கியமானவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த ஆர். பாலசுப்பிரமணியம். 1912-லேயே ஸர் ராபர்ட் ஹாட்பீல்டு என்ற ஆங்கில உலோக நிபுணர் இத்தூணின் இரும்பைச் சோதித்து, இதில் கந்தகம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம் என்று கண்டிருந்தார். இக்காலத்து ஊதுலைகளில் சுண்ணாம்புக் கல்லைச் சேர்க்கிறார்கள். பின்னர் எஃகாக்கும்போது, சுண்ணாம்பின் துணைகொண்டே பாஸ்பரஸை அகற்றிவிடுகிறார்கள். பாஸ்பரஸ் மிகுந்தால் இரும்பு குளிரில் நொறுங்கும் என்பது காரணம். பண்டைக் கொல்லர்கள் சுண்ணாம்பு சேர்க்கவில்லை. ஆகவே பாஸ்பரஸ் இரும்பிலேயே தங்கிவிட்டது. நாளடைவில், உலோகத்துக்கும் துருவுக்கும் நடுவே அது சேர்ந்து, மழையில் நனைந்தும் வெயிலில் உலர்ந்தும், காற்றும் நீரும் எளிதில் உட்புகாத ஒரு மெல்லிய படலமாக இறுகியது. பதினாறு நூற்றாண்டுகளில் அப்படலம் வளர்ந்திருக்கும் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு! மண்ணுக்குள் ஈரம் ஓயாமல் இருந்ததனால் அங்கே கவசம் இறுகவில்லை.

"அப்படியானால் தற்செயலாக நடந்ததுதானா?" என்று மாமனார் கேட்டார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

இது எளிதில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அன்று. பாஸ்பரஸ் என்ற பொருளை உலகம் அறிந்ததே 1669-ல்தான். குப்தர் காலத்துக் கொல்லன் அதன் பெயரை அறிந்திருக்க இயலாது. ஆனால் கண் திறந்து பார்க்கிறவன் தற்செயலை அப்படியே விட்டுவிடுவதில்லை. எந்த மலைக் கல்லில் நல்ல இரும்பு வரும், எந்த மரத்தின் கரி சூட்டைத் தாங்கும், எந்த நிறத்தில் காய்ந்தால் கட்டி ஒட்டும் என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, சோதித்து, தவறியதைத் தள்ளி, பலித்ததை வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். விஞ்ஞானத்தின் முதற்பாதி அதுவேயல்லவா? இரண்டாம் பாதி, கண்டதை எழுதிவைத்து, "ஏன்?" என்று கேட்டு, பிறரையும் கேட்க விடுவது. அந்தப் பாதிதான் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அது நம் நாட்டில் யாருக்குமே வாய்க்காத காரியம் என்று எண்ண வேண்டாம். தூண் நாட்டப்பட்டுச் சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின், 499-ல், இருபத்து மூன்றே வயது நிரம்பிய ஆரியபடர் தமது நூலில் பூமி சுழல்கிறது என்று எழுதினார். ஓடத்தில் போகிறவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோல் தோன்றுகிறதே, அதுபோலவே நட்சத்திரங்கள் நகர்வதாகத் தோன்றுவதும் என்று உவமையும் காட்டினார். கிரகணம் நிழலினால் உண்டாவது என்றார். 628-ல் பிரம்மகுப்தர் அவரைக் கடுமையாக மறுத்தார். பூமி சுழல்வதை உரைகாரர்களில் சிலரும் ஒப்பவில்லை. ஆயினும் என்ன? நூல் எழுதப்பட்டிருந்தது, ஆகவே வாதம் நடந்தது, ஆகவே கருத்து பிழைத்தது. கொல்லர்களின் வித்தையை மறுக்கவும் ஆளில்லை, எழுதவும் ஆளில்லை. இத்தூணைச் செய்த முறையைக் கூறும் ஏடு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. தூணைச் சுரண்டிச் சோதித்தே அதை அறிய வேண்டியதாயிற்று.

நம் தென்னாட்டுக் கதையும் இதுதான். மூசையில் இரும்பையும் கரிப்பொருளையும் இட்டு மூடிக் காய்ச்சி எடுத்த நம் உருக்கு, பண்டைக் காலத்தில் கடல் கடந்து போயிற்று. 1819-ல் மைக்கேல் பாரடே போன்ற மேதை லண்டனில் உட்கார்ந்து அதன் துண்டைச் சோதித்து, இதன் சூட்சுமம் என்ன என்று ஆராய்ந்தார். அந்நூற்றாண்டிலேயே சீமையிலிருந்து மலிவான இரும்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. காடுகள் சர்க்கார் வசமாகி, மரக்கரி அரிதாயிற்று. உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அந்நிய ஆட்சியைக் குறை கூறுகிறோம். அதில் நியாயமும் உண்டு. ஆனால் உலைகள் எரிந்துகொண்டிருந்த அத்தனை நூற்றாண்டுகளிலும், ஏடும் எழுத்தாணியும் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் உலைக்களத்தின் வாசலில் போய் அமர்ந்து, "இதை எப்படிச் செய்கிறாய், அப்பா?" என்று கேட்டார்கள்? உலை அணைந்தபோது வித்தையும் அதனுடன் அணைந்ததற்கு நம்முடைய பங்கும் ஒன்று உண்டு.

மாமனார் வெகுநேரம் பேசாமல் இருந்தார். வெயில் ஏறிவிட்டது. வேலிக்கு வெளியே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து கொண்டோம். குழந்தை மெதுவாக அவரிடம் போனாள்.

"தாத்தா, நம் ஊர் வீட்டு வாசற்கதவில் பெரிய நாதாங்கி இருக்கிறதே, அது யார் செய்தது?"

"நம் ஊர்க் கருமான் செய்தது, அம்மா. என் தகப்பனார் காலத்தில். எண்பது வருஷம் ஆகிறது. இன்னும் அசையவில்லை."

"அவர் பேர் என்ன?"

மாமனார் யோசித்தார். கலப்பைக் கொழு, கிணற்று ராட்டினத்து அச்சு, அரிவாள்மணை, கதவுக் கீல் எல்லாம் அவன் கையால் ஆனவை. அறுவடைக் களத்தில் அவனுக்கு அளந்த நெல்லின் கணக்குக்கூட அவருக்கு நினைவிருந்தது. பெயர் மட்டும் நினைவில்லை. "கருமான் என்றுதான் கூப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு, தூணைப் பார்த்தபடி இருந்தார். அதன்பின் அன்று முழுதும், வெள்ளைக்காரன் கைகட்டி நிற்பதைப் பற்றி அவர் பேசவில்லை.

நாங்கள் ஊர் திரும்பிச் சுமார் இருபது நாள் கழித்து, கிராமத்துக்குப் போயிருந்த அவரிடமிருந்து குழந்தையின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கருமானின் பேரன் கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறானாம். அவனைத் தேடிப் பிடித்து விசாரித்தாராம். கடிதத்தின் கடைசி வரியில், வேறொன்றும் எழுதாமல், அந்தப் பெரியவரின் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். குழந்தை அதைத் தன் நோட்டுப் புத்தகத்தில், டில்லி இரும்புத் தூணின் படத்துக்குக் கீழே எழுதி வைத்துக்கொண்டாள்.