ஆக்ரா கண்டோன்மெண்டில் ஒரு காலை

ஆக்ரா என்றதும் அன்பர்கள் தாஜ்மகாலையே நினைப்பர். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் கண்டோன்மெண்ட் நிலையத்தில் இறங்கியபோது நினைத்தது வேறொன்றை. 60-ஆவது பாராசூட் ஆம்புலன்ஸ் படையின் ஊர் இது.

துப்பாக்கி ஏந்துவோரைப் பாடுவோர் பலர். ஸ்டிரெச்சர் தூக்குவோரையும் மருந்துப் பெட்டிக்குக் கணக்கெழுதுவோரையும் நினைப்பவர் யார்? 1950 நவம்பரில் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் இவர்கள் கொரியாவின் பூசான் துறையில் இறங்கினர். முன்னெழுத்தாகிய 'ஏ' ஆற்காட்டைக் குறிப்பது என்றறிந்து நமக்குச் சற்றே பெருமிதம், அன்பர்கள் பொறுத்தருள்க.

டிசம்பரில் சீனப் படை நெருங்கவே, பியாங்யாங்கை விட்டு அகலுமாறு உத்தரவு பிறந்தது. வண்டிகளோ இல்லை. சாமான்களைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அடுத்த ஊரில் காயம்பட்டவனுக்கு எதைக்கொண்டு சிகிச்சை செய்வது? கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்தனர். வரிசையாக நின்று வாளி வாளியாக நீர் ஊற்றிக் கொதிகலனை நிரப்பினர். எஞ்சின் வேலை தெரிந்த ஜவான்களே ஓட்டினர். வண்டி ஆற்றைக் கடந்த சிறிது நேரத்தில் பாலம் தகர்க்கப்பட்டது. ஒரு பார்சல் தவறினால் நாம் எழுதும் விளக்கக் கடிதங்கள் நினைவுக்கு வந்து வெட்கினோம்.

1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்கப் படையினருடன் இவர்களில் 12 பேர் பாராசூட்டில் குதித்தனர். 2023-இல் துருக்கி பூகம்பத்தின்போது இஸ்கெந்தெருனில் மருத்துவமனை அமைத்ததும் இப்படையே.

நடைமேடையில் டிரங்குப் பெட்டிமேல் ஓர் இளம் ஜவான் அமர்ந்திருந்தார். திருச்சிக்காரராம்.

"எங்கே அனுப்புவார்களோ தெரியாது, அண்ணா. பெட்டி மட்டும் எப்போதும் கட்டியே இருக்கும்" என்றார்.

அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே நமக்கும் ஒரு தேநீர் வாங்கி வந்தார்.