எந்த மற்றவர்கள்?

மாசி மகத்தன்று பட்டினச்சேரிக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று பிடிபடும். திருக்கண்ணபுரத்திலிருந்து தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் ‘மாப்பிள்ளை’ என்று முறைசொல்லி வரவேற்பார்கள். அவரை மணந்த பத்மினித் தாயார் மீனவர் குலத்துப் பெண் என்பது ஐதீகம். பெண் கொடுத்த வீட்டாருக்குரிய உரிமையோடு தோள் கொடுக்கும் ஒருவரிடம், உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அப்போது கேட்டால் ஒரு பதில் வரும். அவரே ஏதோ ஓர் அலுவலகத்தில் மனுவோடு வரிசையில் நிற்கும்போது கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் பொய்யில்லை.

காரைக்கால் பக்கத்து மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். தன்மதிப்பை அளக்க எங்கள் தொழிலில் இன்றைக்கும் அதிகம் கையாளப்படுவது, மாரிஸ் ரோசன்பர்க் 1965-ல் வெளியிட்ட அளவுகோல். பத்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். கடைசியில் வரும் மொத்தத்தைவிட, அந்த ஐந்து நிமிடமும் பேனா எங்கே தயங்குகிறது என்று பார்ப்பது எனக்கு முக்கியம்.

பட்டினச்சேரியிலிருந்து காரைக்காலுக்குக் கல்லூரி போகும் ஒரு பெண்ணுக்கு, மற்றவர்களுக்கு நிகரான மதிப்பு தனக்கும் உண்டா என்று கேட்கும் வாக்கியத்தில் பேனா நின்றது. ‘ஒப்புக்கொள்கிறேன்’ கட்டத்தின் மேல் வைத்தாள், எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, “எந்த மத்தவங்க மேடம்? எங்க தெருவுலயா, கிளாஸ்லயா?” என்றாள்.

இந்தத் துறை பல ஆண்டுகள் சுற்றி வந்து நின்ற இடம் அந்தக் கேள்விதான். ராபர்ட்டா சிம்மன்ஸோடு சேர்ந்து ரோசன்பர்க் பால்டிமோரில் செய்த ஆய்வு 1971-ல் வெளிவந்தது. கறுப்பினப் பிள்ளைகளின் தன்மதிப்பு வெள்ளையினப் பிள்ளைகளுடையதைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்டவர்கள் தங்களையே மட்டமாகத்தான் நினைப்பார்கள் என்று நம்பியிருந்த காலம் அது. அந்தப் பிள்ளைகள் தங்களை ஒப்பிட்டுக்கொண்டது கூடப் படிப்பவர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும். ஜெனிஃபர் கிராக்கரும் பிரெண்டா மேஜரும் 1989-ல் இதை இன்னும் விரித்து எழுதினார்கள்: ஊர் இழிவாகப் பார்க்கும் குழுவைச் சேர்ந்தவர்கள், தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டுக்கொள்வதன் மூலமும் மதிப்பைக் காத்துக்கொள்கிறார்கள். சொந்தத் தெருவை விட்டு வெளியே படிக்கப் போகும்போது அந்தக் காப்பு தளர்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளோடு பழகும் எவரும் இதை அன்றாடம் பார்க்கலாம்.

இடையில், தன்மதிப்பை ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றொரு அலை அடித்தது. கலிபோர்னியா அரசு 1986-ல் அதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்தது. ராய் பாமைஸ்டரும் மூவரும் 2003-ல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, தன்மதிப்பை உயர்த்தினால் படிப்பு உயரும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. நம் பள்ளிகளில் இன்னமும் ‘உன்னால் முடியும்’ என்று கத்தச் சொல்லும் கூட்டங்கள் நடப்பது எனக்கு வருத்தம்.

கிராக்கர் 2001-ல் கோனி வுல்ஃபோடு எழுதியது எனக்கு அதிகம் உதவுகிறது. மதிப்பு எவ்வளவு என்பதோடு, அதை எதன்மேல் கட்டியிருக்கிறோம் என்றும் கேட்க வேண்டும் என்றார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களின் பிள்ளைகள், “அப்பா யார்கிட்டயும் பேச மாட்டேங்குது” என்பார்கள். பணமுடை ஒரு காரணம். கடலுக்குப் போவதன் மேலேயே தன்னைக் கட்டியவருக்கு 61 நாள் கரையில் இருப்பது வேறொரு முடை.

அந்தப் பெண்ணுக்கு இன்னொரு தாள் கொடுத்தேன். ஒன்றைத் தெருவை நினைத்தும் மற்றதைக் கிளாஸை நினைத்தும் நிரப்பச் சொன்னேன். இப்படி வாங்கும் எண்ணை ஆய்வு அட்டவணைகளோடு ஒப்பிட முடியாது; பேச்சைத் தொடங்க மட்டுமே உதவும். கிளாஸ் தாளில் பெரும்பாலும் கீழ்க் கட்டங்கள். ஆனால் மற்றவர்கள் செய்கிற அளவுக்குத் தன்னாலும் வேலைகளைச் செய்ய முடியுமா என்ற வாக்கியத்துக்கு, இரண்டு தாளிலும் ஒரே கட்டத்தில் அழுத்தி டிக் அடித்திருந்தாள். என்ன வேலை என்று கேட்டேன். ரெக்கார்டு நோட்டு, லேப் கணக்கு, வீட்டில் அம்மாவின் மீன் வியாபாரக் கணக்கு என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அவள்தான் பேசினாள்.