மூணாவது தட்டு

போன தீபாவளி விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணிக்குத் திரும்பியபோது, என் துணிப்பையின் நடுவில், இரண்டு துண்டுகளுக்கிடையே ஒரு ரயில் இஞ்சின் இருந்தது. உள்ளங்கை நீளம்தான். எட்டு மாத உழைப்பு. அதைத் தாத்தாவின் கையில் வைத்தேன்.

தாத்தா அதைப் பார்க்கவில்லை, தடவினார். நீரிழிவு அவருடைய பார்வையைப் பெரும்பாலும் தின்றுவிட்டது. நான் மூன்று இரவு விழித்து அடித்த வண்ணமும், ஊசிமுனையால் எழுதிய எண்ணும் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. விரல் கூரையின்மேல் ஓடியது, ஓட்டுநர் அறையைத் தொட்டது, கீழே இறங்கியது. சக்கரத்துக்கு வந்து நின்றது.

“ஒண்ணு... ரெண்டு... மூணாவது எங்க பாப்பா?”

“சின்ன இஞ்சின் தாத்தா. எடமில்ல.”

பொய். தாத்தா அதைத் திருப்பிக் கொடுத்தார். “அப்ப இது நம்மூரு இஞ்சின் இல்ல” என்றார். கோபமில்லை; தகவல் சொல்வதுபோல்தான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுருங்கிப்போனது.

தாத்தா பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து தண்டவாள வேலைக்குப் போனவர். சம்மட்டியும் கடப்பாரையுமாக ஓய்வு பெறும்வரை அதே வேலை. அவருடைய கடைசிச் சில ஆண்டுகளில்தான் இந்தியாவின் ஒய்.டி.எம்.4 இஞ்சின்கள் இர்கான் நிறுவனம் வழியாகக் குத்தகைக்கு வந்து கே.டி.எம். சரக்கு வண்டிகளை இழுத்தன. 1961இல் அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் இந்தியாவுக்குக் கொடுத்த வகை. பிறகு வாரணாசியில் கட்டினார்கள். ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன். இந்தியாவின் மீட்டர் பாதையும் நம்முடைய பாதையும் ஒரே அகலம், 1,000 மில்லிமீட்டர். அதனால் சக்கரத்தை மாற்றாமலே இங்கு ஓட முடிந்தது. இந்தியாவையே பார்த்திராத தாத்தா அவற்றை “நம்மூரு இஞ்சின்” என்பார். கரும்புகையைக் கக்கிக்கொண்டு வருமாம். அந்தப் புகையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு பெருமை.

அந்த இஞ்சினின் மாதிரி, மலேசியக் கோலத்தில், நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. அதனால்தான் உடல் மாற்றும் வேலையில் இறங்கினேன். பொம்மை ரயில் பிடித்தவர்களுக்கு இது பழைய வித்தை. இஞ்சினின் மேல்கூடு தனி, மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம் தனி. ஒன்றின் கூட்டைக் கழற்றி இன்னொன்றின் சட்டத்தில் மாட்டலாம். கூட்டைப் புகைப்படங்களைப் பார்த்து வரைந்து, எங்கள் புலத்தின் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தேன். சட்டத்துக்கு, மலிவாகக் கிடைத்த ஒரு பழைய நான்கு அச்சு அமெரிக்க இஞ்சின். முன்னால் இரண்டு அச்சு, பின்னால் இரண்டு. ஒய்.டி.எம்.4க்கோ மூன்றும் மூன்றும். தெரியும். யார் குனிந்து எண்ணப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அன்று இரவு தாத்தாவிடம் கேட்டேன், மூன்றா இரண்டா என்பது அவ்வளவு முக்கியமா என்று.

“ராத்திரி லைன்ல நிக்கிறவனுக்குக் கண்ணு எதுக்கு உதவும்? தட்டுறதுலதான் தெரியும், எது வருதுன்னு.”

பழைய தண்டவாளங்கள் துண்டு துண்டாக இணைக்கப்பட்டவை. ஒவ்வோர் இணைப்பு இடைவெளியிலும் சக்கரம் ஒருமுறை தட்டும். இரண்டு அச்சு என்றால் தடக் தடக். மூன்று அச்சு என்றால் தடக் தடக் தடக். 2014இல் முடிந்த இரட்டை மின்பாதையில் தண்டவாளங்கள் நீளமாகப் பற்றவைக்கப்பட்டவை. 2015 முதல் பாடாங் பெசார் வரை போகும் இ.டி.எஸ்.-இல் நான் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன். அது தட்டுவதே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. அந்தச் சத்தத்தை நான் கேட்டு வளரவில்லை.

கோலாலம்பூர் திரும்பியதும் ஆறு அச்சுச் சட்டம் தேடினேன். கேட்டோ நிறுவனத்தின் எஸ்.டி.40-2, பழையது, நூற்றெண்பது வெள்ளி. பி.டி.பி.டி.என். கடனிலிருந்து எடுத்தேன் என்பதை அம்மா இந்த மலரில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

கூட்டைக் கழற்றுவது சுலபம். இரு பக்கமும் மெல்லிய நெகிழித் துண்டைச் செருகி மேலே தூக்கினால் வந்துவிடும். மாட்டுவதுதான் கஷ்டம். என் கூட்டுக்குள் சட்டத்தின் மூலைகள் இடித்தன. அரத்தால் தேய்த்தேன். ஓட்டிப் பார்த்தால் உறுமிவிட்டு நின்றது, கருகல் வாடை வேறு. அந்தச் சட்டம் இரண்டு பாதி உலோகம். ஒரு பாதியில் நேர்மின், மறுபாதியில் எதிர்மின். நான் தேய்த்த தூள் இரண்டுக்கும் நடுவில் பாலம் போட்டிருந்தது. எல்லாவற்றையும் பிரித்து, பல் துலக்கும் தூரிகையால் சுத்தம் செய்ய இரண்டு நாள். நல்ல வேளை, மோட்டார் பிழைத்தது. தேய்த்ததில் எடை குறைந்து சக்கரம் சும்மா சுழன்றது. தூண்டில் ஈயத்தைக் கூட்டின் உச்சியில் ஒட்டினேன். கழற்றிய அமெரிக்கக் கூட்டை அந்த நான்கு அச்சுச் சட்டத்தில் வைத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். முன்னும் பின்னும் துருத்திக்கொண்டு, அண்ணனின் சட்டையைப் போட்ட பையன்போல் நிற்கும்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் மறுபடி வீடு. இம்முறை இஞ்சினோடு ஒரு பலகையும் கொண்டுபோனேன். அதன்மேல் ஒன்பது மில்லிமீட்டர் பாதை. நடுவில் ஓர் இணைப்பை மட்டும் வேண்டுமென்றே அரத்தால் அகலப்படுத்தியிருந்தேன். கண்காட்சிக்காரர்கள் பார்த்தால் திட்டுவார்கள்.

தாத்தா விரலை ஓட்டினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. திருப்பினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் வைத்தேன். சத்தம் கேட்காது என்று அம்மாவே காற்றாடியை நிறுத்தினார். தம்பி வாசலில் மோட்டார் சைக்கிளை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அம்மா போட்ட அதட்டலில் அதுவும் நின்றது.

மெல்ல மின்சாரம் கொடுத்தேன். தாத்தா பலகையில் காதை வைத்துக் குனிந்துகொண்டார். இஞ்சின் நகர்ந்து இடைவெளியைத் தாண்டியது. டிக் டிக் டிக். கொஞ்சம் பொறுத்து, டிக் டிக் டிக்.

தாத்தா தலையைத் தூக்கவில்லை.

“வேகம் ஜாஸ்தி” என்றார். “குருண்ல ஏறும்போது இப்படிப் போகாது. இன்னும் மெதுவா விடு.”