கட்டியக்காரன் கேட்ட வரம்

அரக்கோணத்தில் ரயிலை விட்டிறங்கி நெமிலி பஸ் ஏறினால் காதில் விழுவதெல்லாம் வேலைப் பேச்சுதான். ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி தாலுகாவிலுள்ள பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸ் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 9,000 கோடி ரூபாய் முதலீடு. டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு இன்னொரு கல். 25,000 பேருக்கு வேலை என்கிறார்கள்.

வரட்டும். காலணி தைப்பது வேறு, தோல் பதனிடுவது வேறு என்பதும் தெரியும். ஆனாலும் இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு ராணிப்பேட்டையை மறக்க முடியுமா? 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை அங்கே லட்சம் டன்னுக்கு மேல் கழிவை விட்டுப் போனது. டேனரிக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தொழில்களையும் ஒரு காலத்தில் மாலை போட்டுத்தான் வரவேற்றிருப்பார்கள்.

ஆனால் நான் போனது பாரதக் கூத்துக்கு. இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் படுகளமும் தீமிதியும். அன்றைக்கு அர்ச்சுனன் தபசு. சிவனிடம் பாசுபத அஸ்திரம் வாங்கப் புறப்பட்ட அர்ச்சுனன், பாட்டுப் பாடிக்கொண்டே உயரமான தபசு மரத்தில் படிப்படியாக ஏறுகிறான். கீழே பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரப் புடவையோடு காத்திருக்கிறார்கள். உச்சியிலிருந்து அவன் எறியும் எலுமிச்சம்பழத்துக்கு அத்தனை முந்தானையும் விரிகிறது. வருங்காலத்தை இப்படி வெட்டவெளியில், ஊரே பார்க்க, கூச்சமில்லாமல் கேட்கும் இடம் வேறெங்கே இருக்கிறது?

அதற்கு முன், மரமேறப் போனவனைக் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் மறித்தான். "சாமி, சிவனைப் பாத்தா நம்ம பசங்களுக்கும் கம்பெனில ஒரு வேலை கேளுங்க. கான்ட்ராக்ட் வேணாம், பர்மனன்ட்டா! அப்படியே ஆத்துல தண்ணி வருமான்னும் கேட்டுடுங்க." கொசஸ்தலை ஆற்றைத்தான் சொன்னான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கார் ஆலையைப் பற்றி நான் படித்த எந்தச் செய்தியிலும் இந்த இரண்டு கேள்வியும் சேர்ந்து வரவில்லை.

கூத்து பழங்கதை மட்டும்தான் என்பவர்கள் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலுக்கு ஒரு நடை போய் வரலாம். பி. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் கலைஞர்களோடு சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தோடு கூத்தும் படித்தார்கள். ஆண்களே பெண் வேடம் கட்டி வந்த கலையில் பெண் பிள்ளைகள் கிரீடம் வைத்து ஆடினார்கள். இந்த மண்ணில் இனி என்னவெல்லாம் நடக்கலாம் என்பதை அந்தப் பிள்ளைகள் ஆடியே காட்டிவிட்டார்கள்.

கிராம சபையும் ஊர் தன் வருங்காலத்தைக் கேட்பதற்காகத்தானே இருக்கிறது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்றிருந்ததோடு 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு நாள் சேர்த்தார்கள். நான் உட்கார்ந்து பார்த்த சபைகளில் தீர்மானம் வாசிப்பார்கள், நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், டீ வரும். கட்டியக்காரனை அங்கே முதல் அரை மணி நேரம் பேச விடலாம். தலைவருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டால் போதும். சம்பாவனை கேட்டால், டீச் செலவில் எழுதிக்கொள்ளட்டும்.