தகுதிச் சான்று

ஜூன் 10, திங்கள்

ஒன்பது மாதம் கழித்து இன்று வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து பழையபடி விழவில்லை. கீமோவில் மரத்துப்போன விரல் நுனிகள் இன்னும் தெளியவில்லை. பேனா விரலிடுக்கில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். தலைமையாசிரியை மருத்துவச் சான்றை வாங்கிக் கோப்பில் சேர்த்தார். பணியில் சேரத் தகுதியானவர் என்று ஒரே வரி. எட்டு கீமோ, பதினைந்து நாள் கதிர்வீச்சு, வலது அக்குளில் எடுத்த நிணநீர் முடிச்சுகள், இனி ஐந்து ஆண்டு தினமும் போட வேண்டிய மாத்திரை, எதற்கும் அந்தத் தாளில் இடமில்லை.

ஆசிரியர் அறையில் எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் நோயின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி என் ஓர் அங்குல முடியைப் பார்த்துக் கேட்டாள்: “கேன்சரா டீச்சர்?”

“ஆமாம்மா. மருந்துல கொட்டிருச்சு, இப்ப வளருது.”

“சுருட்டையா நல்லா இருக்கு டீச்சர்.” நோட்டைத் திறந்துவிட்டாள். நானும் பாடத்தைத் தொடங்கினேன்.

ஜூன் 12, புதன்

கரும்பலகையின் மேல்பாதி எனக்கு இல்லை. கை தோளுக்கு மேல் போனால் அக்குளிலிருந்து முழங்கை வரை நரம்பு ஒன்று கயிறாக இழுக்கிறது. மூன்றாவது பீரியடில் மோதிர விரல் வீங்கிவிட்டது. முடிச்சுகளை எடுத்துவிட்டால் நிணநீர் வடிய வழி குறைந்து கை வீங்கும். அதனால் அந்தக் கையில் ஊசி கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அறுபது நோட்டுகளைத் தூக்கி நடப்பதும் கனம்தான் என்று இன்றுதான் உறைத்தது. நாளையிலிருந்து பிள்ளைகளே கொண்டுவந்து வைப்பார்கள்.

ஜூன் 20, வியாழன்

x² − 7x + 12. இருபத்திரண்டு வருடமாக நான் நடத்தும் காரணிப்படுத்தல். நடு உறுப்பைப் பிரிக்கப் போன இடத்தில் மூளை நின்றுவிட்டது. எந்த இரண்டு எண்கள் என்று வரவில்லை. வகுப்பு காத்திருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “மைனஸ் மூணு, மைனஸ் நாலு டீச்சர்.” எழுதினேன். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

கீமோவுக்குப் பின் பலருக்கு ஞாபகமும் கவனமும் இப்படி மங்கும், பெரும்பாலும் மெல்லத் தெளியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இனி பாடக்குறிப்பை ஒவ்வொரு படியாக எழுதிக்கொண்டுதான் போவேன்.

ஜூன் 21, வெள்ளி

ஆறு பீரியட். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்தவள், இரவு ஒன்பதுக்குத்தான் எழுந்தேன்.

ஜூலை 1, திங்கள், அடையாறு

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினோம். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை. துணைக்குப் போகிறவருக்குக் கால்பங்குதான். 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய இந்தப் புற்றுநோய் மருத்துவமனைக்கு இன்று எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரசு யோசித்து ஒரு சலுகை வைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வேலைக்குப் போகிறவரைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் எங்கள் பக்கத்து ஊர்க்காரப் பெண் ஒருத்தி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. ஆபரேஷன் முடிந்த ஆறாவது வாரமே வேலைக்குப் போய்விட்டாளாம்.

“கை வீங்கலையா?”

“வீங்கத்தான் செய்யுதுக்கா. போகாம இருந்தா குழுக்கடனை யாரு கட்டுவா?”

“ஆபீஸ்ல தெரியுமா?”

“சொல்லல. சொன்னா வேலை கொடுக்க மாட்டாங்க.”

எனக்கு விடுப்பு இருந்தது, விடுப்பிலும் சம்பளம் வந்தது. அவளுக்கு வலியை மறைக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. இன்னும் அவள் முகம்தான் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 5, வெள்ளி

தலைமையாசிரியையிடம் கேட்டேவிட்டேன். வாரம் 28 பீரியடை மூன்று மாதத்துக்கு 18 ஆக்க முடியுமா?

“எனக்குக் கொடுக்க ஆசைதான் டீச்சர். எந்த விதியில கொடுக்கிறது?”

அவர்மேல் தப்பில்லை. விதிக்குத் தெரிந்தது இரண்டே நிலைதான்: ஒன்று விடுப்பு, இல்லையென்றால் முழு வேலை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது; புற்றுநோய் அதில் இல்லை. ஜெர்மனியில் நீண்ட நோயிலிருந்து திரும்புகிறவருக்கு, முதலில் தினம் சில மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி என்று டாக்டரே அட்டவணை எழுதித் தருகிறார். அதுவரை காப்பீட்டிலிருந்து நோய்க்காலப் பணமும் கிடைக்கிறது. பெரிய செலவோ அதிசயமோ இல்லை அது. உடம்பு ஒரே நாளில் தேறாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

கடைசியில் எங்களுக்குள்ளேயே பேசி முடித்தோம். பத்தாம் வகுப்பை இன்னொரு கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டார். மெல்லக் கற்கும் பிள்ளைகளை உட்கார்ந்தபடி நான் பார்க்கிறேன். இது அந்த டீச்சருடைய நல்ல மனசு. இன்னொரு பள்ளியில் இன்னொருத்திக்கு இது கிடைக்குமென்று என்ன நிச்சயம்?

ஜூலை 12, வெள்ளி

இன்று வீக்கம் இல்லை. கரும்பலகையின் கீழ்பாதியில் நாலு கணக்கு, நிற்காமல் போட்டேன்.

சான்று எழுதும் டாக்டர்களுக்கும் அதைக் கோப்பில் சேர்க்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். தகுதியானவர் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு வரி இடம் விடுங்கள். எத்தனை மணி நேரம், எந்த வேலை வேண்டாம் என்று அதில் எழுதுங்கள், எழுதியதை விதியாக்குங்கள். தீப்பெட்டி ஆபீஸ்களுக்கும் அது பொருந்தட்டும். நோயைச் சொன்னால் வேலை போகாது என்று அந்தப் பெண் நம்புகிற மாதிரி செய்யுங்கள்.