'லீஸ்' என்றால் லீஸ் இல்லை!

"ரெண்டலா, லீஸா?"

அபிராமபுரத்தில் வீடு தேடிப் போகிற எவரையும் புரோக்கர் கேட்கிற கேள்வி இது. எத்தனை பெட்ரூம், எத்தனை பேர், சைவமா அசைவமா எல்லாம் அதற்கப்புறம்தான். ரெண்டல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாதாமாதம் வாடகை. லீஸ் என்றால் ஒரு பெரிய தொகையை மொத்தமாக வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ வாடகையே கிடையாது. காலி பண்ணும்போது கொடுத்த தொகை அப்படியே, வட்டியில்லாமல், திரும்பி வரும். வாடகை மிச்சம் என்று குடிவருகிறவருக்கு சந்தோஷம். மொத்தமாகப் பணம் வந்தது என்று வீட்டுக்காரருக்கு சந்தோஷம்.

ஆனால் லண்டனில் போய் "வீட்டை லீஸுக்கு எடுத்திருக்கிறேன், அதனால் மாத வாடகை கிடையாது, போகும்போது மொத்தப் பணமும் திரும்பக் கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், கேட்கிறவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அங்கே லீஸ் என்பதே வாடகை ஒப்பந்தத்தின் பெயர்தான். அங்கே எதற்குப் போக வேண்டும், இந்தியச் சட்டப் புத்தகத்திலும் அப்படித்தான். இந்தச் சொல் கடல் தாண்டி வந்து மயிலாப்பூர்ப் பக்கம் குடியேறியபோது அர்த்தத்தை மட்டும் மாற்றிக்கொண்டுவிட்டது. மாறினால் என்ன, சொற்கள் மாறத்தானே செய்யும் என்று விட்டுவிடலாம். இந்த மாற்றத்தால் பல குடும்பங்கள் சேமிப்பு முழுவதையும் பறிகொடுத்திருக்காவிட்டால்!

முதலில் சொல்லின் ஊரைப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'லாக்ஸுஸ்' என்றால் தளர்ந்தது. அதிலிருந்து 'லாக்ஸாரே', தளர்த்துவது. அது பழைய பிரெஞ்சில் 'லெஸ்ஸியே' ஆகி, விடுவது, விட்டுவிடுவது என்ற பொருளைப் பெற்றது. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு கோர்ட்டுகளில் பிரெஞ்சு நுழைந்தது, அதன் வழியே 'லீஸ்' வந்தது. ரிலாக்ஸ், ரிலீஸ் எல்லாம் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள். நாயைக் கட்டிக் கூட்டிப்போகிற 'லீஷ்' கூட இதே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். கட்டுகிற கயிறுக்கு 'தளர்த்து' என்று பெயர்! நாயைக் கொஞ்சம் தளர்வாக ஓடவிடுகிற கயிறு என்பதால் வந்ததாம்.

இன்னும் சுவாரசியம், தமிழும் இதையே சொல்கிறது. வீட்டை வாடகைக்குக் 'கொடுக்கிறோம்' என்பதைவிட 'விடுகிறோம்' என்றுதான் அதிகம் சொல்கிறோம். கேட்டில் தொங்குகிற 'டு-லெட்' அட்டையில் இருக்கிற ஆங்கில 'லெட்' என்பதும் விடு என்பதே. ஒருவர் தன் பிடியைத் தளர்த்தி இன்னொருவரை உள்ளே விடுகிறார் என்ற ஒரே படம்தான் லத்தீன்காரன், இங்கிலீஷ்காரன், தமிழன் மூன்று பேர் மனதிலும் ஓடியிருக்கிறது. வீடு என்ற சொல்லே 'விடு' என்பதன் முதல் எழுத்து நீண்டு பிறந்தது என்று பத்தாம் வகுப்பு இலக்கணத்தில் படித்தது ஞாபகம் வருகிறதா? முதனிலை திரிந்த தொழிற்பெயர். இரண்டு மார்க். :-)

சரி, சட்டத்துக்கு வருவோம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 105-ஆம் பிரிவில் லீஸை வரையறுக்கிறது. ஒரு சொத்தை அனுபவிக்கும் உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது. அதற்குக் கைமாறாக ஒரு விலையோ, அல்லது காலாகாலத்தில் தரப்படும் பணமோ, விளைச்சலில் பங்கோ, வேலையோ பெறுவது. மொத்தமாகக் கொடுக்கிற விலைக்கு 'பிரீமியம்' என்று பெயர், அவ்வப்போது கொடுப்பதற்கு 'ரென்ட்' என்று பெயர். கொடுத்தால் கொடுத்ததுதான், இரண்டும் திரும்பி வராது. கிண்டி ரேஸ் கிளப் நிலம் இந்த வகை அசல் லீஸுக்கு நல்ல உதாரணம். சுமார் 160 ஏக்கர், 1940-களில் 99 வருஷத்துக்கு, ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சம். (தப்பாகப் படிக்கவில்லை, ஆண்டுக்குத்தான்!) 2024 செப்டம்பரில் தமிழக அரசு அந்தக் குத்தகையை ரத்து செய்தது. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வாடகை, அதனால் அது லீஸ்.

அபிராமபுரத்து 'லீஸில்' வாடகையும் இல்லை, கொடுத்த மொத்தத் தொகை விலையும் இல்லை, ஏனென்றால் அது திரும்பி வரப்போகிறது. திரும்பித் தரவேண்டிய பணத்துக்கு ஊரில் என்ன பெயர்? கடன். யார் கடன் கொடுத்தவர்? குடிவந்தவர். யார் கடனாளி? வீட்டுக்காரர். வட்டிக்கு பதிலாக வீட்டில் குடியிருக்கிறார். கடன் கொடுத்து, அதற்கு ஈடாகச் சொத்தை வாங்கித் தானே அனுபவிப்பது. இதற்குத் தமிழில் பல நூற்றாண்டாகவே பெயர் இருக்கிறது: ஒத்தி. தென் மாவட்டங்களில் இன்றும் "வீட்டை ஒத்திக்கு வச்சிருக்கார்" என்றால் குழந்தைக்கும் புரியும். 'ஒற்றி' என்பதுதான் பழைய வடிவம். திருவொற்றியூரின் பெயரை வைத்துக்கொண்டு, ஊரையே அடமானம் வைத்துவிட்ட சாமி என்று சிவனைக் கிண்டல் பண்ணாத புலவர்கள் குறைவு.

போக்கியம் என்றும் சொல்வதுண்டு. அனுபவிப்பது என்ற பொருளுள்ள 'போகம்' அதற்குள் இருக்கிறது. அடகைப் பத்திரமாக வைத்திருப்பது ஒரு வகை, அனுபவிப்பது இன்னொரு வகை என்று பழைய தர்மசாஸ்திரங்களே பிரித்துப் பேசியிருக்கின்றன. பத்திர ஆபீஸ் பாஷையில் சுவாதீன அடமானம். சொத்து மாற்றச் சட்டம் 58-ஆம் பிரிவில் இதற்கு ஆங்கிலப் பெயர் 'யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்'. வாயில் நுழையாத அந்தப் பெயரும் லத்தீனில் பயன், பழம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்ததுதான். மரத்தை அடகு வைத்தால் பழத்தை அவன் சாப்பிடுவான்.

இந்த 'மார்ட்கேஜ்' என்ற சொல்லைக் கொஞ்சம் கிளறினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. பிரெஞ்சில் 'மோர்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் அடகு. செத்த அடகு! கடனை அடைக்காவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்தது, அடைத்துவிட்டால் கடன் கொடுத்தவருக்குச் செத்தது என்பது பின்னாளில் இங்கிலாந்து வக்கீல்கள் சொன்ன விளக்கம். ஆனால் 12-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கிளான்வில் பெயரில் எழுதப்பட்ட சட்டநூல் வேறு மாதிரி சொல்கிறது. நிலத்தின் வருமானம் அசலில் கழிந்துகொண்டே வந்தால் அது உயிருள்ள அடகு. வருமானத்தைக் கடன் கொடுத்தவர் அனுபவித்துக்கொண்டே இருக்க, அசல் ஒரு பைசாகூடக் குறையாமல் அப்படியே கிடந்தால் அதுதான் செத்த அடகு. அப்படியானால் அபிராமபுரத்தில் 'லீஸ்' என்று சொல்லப்படுவது, எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்தில் அச்சு அசலாக 'மார்ட்கேஜ்'! அந்த நூல் இதை வட்டிக்கு விடும் பாவத்தில் சேர்க்கிறது என்பது கூடுதல் தகவல்.

பெயர் எதுவானால் என்ன, குடியிருந்தால் சரி என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஃபிளாட்டுக்கு மாத வாடகை 25,000 ரூபாய், லீஸ் என்றால் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சத்தை பேங்கில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு 1,05,000, மாதம் 8,750 ரூபாய். அதை இழந்து 25,000 ரூபாய் வாடகையை மிச்சம் பிடிக்கிறார் குடிவருகிறவர். அடித்தது யோகம்! இதையே வீட்டுக்காரர் பக்கம் இருந்து பாருங்கள். வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் வாடகையை விட்டுக்கொடுத்து 15 லட்சம் கடன் வாங்குகிறார். அதாவது 20 சதவீத வட்டி. சொந்தமாக ஃபிளாட் வைத்திருக்கிற ஒருவர், பேங்க் அதில் பாதி வட்டிக்கே வீட்டின் மேல் கடன் கொடுக்கும்போது, ஏன் 20 சதவீதத்துக்கு வாங்க வேண்டும்? பேங்க் படியேறி நிற்கப் பிடிக்காதவர்கள் இருக்கலாம். பெண் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று அவசரம் இருக்கலாம். மாதத் தவணை கட்ட வழியில்லாத பெரியவர்களாக இருக்கலாம். இல்லையென்றால், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே பேங்க் கடன் இருக்கலாம். யோகம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு சந்தேகம் வர வேண்டிய இடம் இது.

தவணை நின்றுபோனால் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் கீழ் பேங்க் வந்து வீட்டை எடுக்கும், தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட் உதவியோடு. அப்போது குடியிருப்பவர் நீட்டுகிற காகிதம் என்ன? 'லீஸ் அக்ரிமென்ட்' என்று தலைப்புப் போட்டு, ஒரு முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு டைப் அடித்தது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதியிலிருந்து தப்பிக்கத்தான் அந்தப் பதினோரு மாதம். அதை அடமானம் என்று வாதாடலாமென்றால், 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள சுவாதீன அடமானத்துக்குப் பதிவும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்கிறது 59-ஆம் பிரிவு. நூறு ரூபாய்! சரி, லீஸ் என்றே வாதாடலாமென்றால், அடமானத்தில் இருக்கும் சொத்தை உரிமையாளர் எப்படி லீஸுக்கு விடலாம் என்று 65-ஏ பிரிவு நிபந்தனை போடுகிறது. நியாயமாகக் கிடைக்கக்கூடிய நல்ல வாடகை இருக்க வேண்டும், பிரீமியம் வாங்கக்கூடாது, முன்கூட்டி வாடகை வாங்கக்கூடாது. வாடகையே இல்லாத லீஸ் இதில் எங்கே நிற்கும்? பணம் கொடுத்ததை நிரூபித்து வீட்டுக்காரர் மேல் கேஸ் போடலாம். வீட்டின் மேல் பிடி இருக்காது. 15 லட்சம் கொடுத்தவர் கைமாற்று கொடுத்தவர் மாதிரி வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

இன்னொரு வகை மோசம் உண்டு. நடுவில் ஒரு ஏஜென்சி புகுந்து, வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, குடும்பத்துக்கு லீஸுக்கு விடும். சில மாதம் வாடகை ஒழுங்காகப் போகும். அப்புறம் ஏஜென்சியும் லட்சங்களும் காணாமல் போகும். வீட்டுக்காரர் வந்து வாடகை கேட்க, குடியிருப்பவர் திருதிருவென்று முழிப்பார். சென்னையிலும் பெங்களூரிலும் இப்படி போலீஸ் வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. லீஸ் என்ற ஒரே சொல் இரண்டு பக்கமும் இரண்டு அர்த்தத்தில் ஓடியதால் முடிந்த வித்தை.

இது நம்மூர் விசித்திரம் மட்டுமல்ல. பொலிவியாவில் 'ஆன்டிக்ரெடிகோ' என்று இதே ஏற்பாடு இருக்கிறது. தென் கொரியாவில் 'ஜொன்சே'. வீட்டு விலையில் பாதிக்கும் மேல் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது அங்கே வெகு சகஜம். ஆனால் கொரியர்கள் அதற்குச் சட்டத்தில் அதன் சொந்தப் பெயரிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். குடிபோனதும் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிந்து, ஒப்பந்தத்தில் ஒரு தேதி முத்திரை வாங்கிக்கொண்டால், வீடு ஏலம் போனாலும் பிந்தி வந்த கடன்காரர்களுக்கு முன்னால் குடியிருப்பவருக்குப் பணம். அப்படியிருந்தும் அங்கே பெரிய மோசடிகள் நடந்து, 2023-ல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. முத்திரை வைத்த ஊரிலேயே அப்படி!

இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். மூலப் பத்திரத்தின் ஜெராக்ஸை மட்டும் நீட்டினால், ஒரிஜினல் எங்கே என்று கேட்கலாம். ஏனென்றால் சென்னையில் பத்திரத்தைக் கடன்காரரிடம் ஒப்படைத்தாலே அடமானம் ஆகிவிடும், 58-ஆம் பிரிவில் கல்கத்தா, பம்பாயோடு மெட்ராஸின் பெயரும் இருக்கிறது. எல்லாம் சுத்தமாக இருந்தால் சார்பதிவாளர் அலுவலகம் போய் சுவாதீன அடமானப் பத்திரமாகவே பதியலாம். அதன்பிறகு அந்த வீட்டை வாங்குகிறவரும், அதன் மேல் கடன் கொடுக்கிற பேங்கும் குடியிருப்பவரைத் தாண்டிப் போக முடியாது.

ஏன் யாரும் செய்வதில்லை? முத்திரைத்தாள், பதிவுக் கட்டணச் செலவு ஒரு காரணம். பெரிய காரணம் கௌரவம் என்றுதான் தோன்றுகிறது. 'ஒத்திக்கு வைத்திருக்கிறார்' என்றால் வீட்டுக்காரர் கடனாளி. 'லீஸுக்கு விட்டிருக்கிறார்' என்றால் அவர் ஓனர், குடிவந்தவர் டெனன்ட். ஒத்திப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால் "என்ன சார், நான் என்ன வீட்டை அடகா வைக்கிறேன்?" என்று கோபம் வரும். அடகுதான் வைக்கிறார். அந்தக் கோபத்துக்கு பயந்தே பல பேர் 11 மாதத் தாளில் திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

அப்படியே துணிந்து பதிகிறவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காலி பண்ணும் நாளில் பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு லாரி ஏறினால் போதாது. கடன் தீர்ந்தது என்று ரசீதையும் அதே அலுவலகத்தில் பதிந்துகொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அவர் பெயர் அங்கேயே குடியிருக்கும்.